வரம்புக்குள்

தாளில் 4.81 என்றிருக்கிறது.
பக்கத்தில் பொடி எழுத்தில்: 0.35 முதல் 4.94 வரை.
"வரம்புக்குள்ளதானே இருக்கு" என்றார் டாக்டர்.
"பி-பன்னிரண்டு கொஞ்சம் பார்டர்லைன்.
நல்லாச் சாப்பிடுங்க. நல்லாத் தூங்குங்க."
அடுத்த டோக்கனுக்கு மணி அடித்துவிட்டது.

தூக்கமா?
திருத்துறைப்பூண்டி பேருந்து நிலையத்தில்
நின்றபடியே தூங்கி
இரண்டு பஸ்ஸை விட்டவள் நான்.
ஆடிப் புழுக்கத்தில் சால்வை தேடினேன்.
சீப்பில் வந்த முடியைச் சுருட்டிக்
காலண்டர் தாளில் மடித்துக் குப்பையில் போட்டேன்.
மகனைக் கூப்பிடப் போய்
ஒரு மதகின் பெயரைச் சொன்னேன்.
இதற்கெல்லாம் தாளில் கட்டமில்லை.

பாசனப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து வேலை எனக்கு.
காலையில் தலைப்பிலிருந்து போன் வரும்:
"முந்நூத்திப் பத்து கனஅடி, எழுதிக்குங்க மேடம்."
எழுதிக்கொள்வேன்.
பதினோரு மணிக்கு இடும்பாவனத்திலிருந்து
வைரக்கண்ணு வந்து நிற்பார்.
"ஒங்க நோட்டுல தண்ணி போவுதும்மா.
என் வயல் வெடிப்புல என் காலு போவுது."

அளந்தவர் சரியாகத்தான் அளந்தார்.
நானும் சரியாகத்தான் எழுதினேன்.
நடுவில் கிடக்கின்றன
ஆகாயத்தாமரை, இறங்காத ஷட்டர்,
ராத்திரியில் யாரோ வெட்டிவிட்ட கரை.
தலைப்பில் அளந்தது கடைமடைக்கு ஆகாது.
இருபது வருஷமாக இதைத் தெரிந்தவள்
என் கழுத்தைப் பற்றிய பேச்சில் மட்டும்
எப்படித் தலையாட்டிவிட்டு வந்தேன்?

செவ்வாய்க்கிழமை திரும்பப் போனேன்.
கேள்விகளை ஆபீஸ் தாளில் எழுதிக்கொண்டு போனேன்
(நீல மைதான், பச்சைக்கு எனக்கு அதிகாரமில்லை):
ஃப்ரீ டி-ஃபோர், ஆன்டிபாடி,
ஃபெரிட்டின், வைட்டமின் டி,
பி-பன்னிரண்டு இன்னொரு தரம்.
"கூகுள்ல பார்த்தீங்களா?"
"இல்ல சார். கடைமடையில பார்த்தேன்."
அவருக்கு விளங்கவில்லை.
ஆனாலும் எழுதிக் கொடுத்தார்.

லேபில் ஜெசிந்தா, ரப்பர் பட்டையைக் கட்டப் போனவள்
நிறுத்திக் கேட்டாள்:
"முடிக்குன்னு மாத்திரை ஏதாச்சும் போடுறீங்களாக்கா?"
போடுகிறேன். நாலு மாசமாக. பயோட்டின்.
"அது ரத்தத்துல இருந்தா மெஷினே பொய் சொல்லும்.
மூணு நாள் விட்டுட்டுக் காலையில வாங்க."
வெறுங்கையோடு படியிறங்கினேன்.
இந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.
பொய் சொன்னது நானில்லை என்றதும்
சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

"ரெண்டாயிரத்து நானூறா?" என்றார் தேவசேனாபதி.
"எல்லாம் நார்மல்னாங்களே?"
போன தையில் ஈரப்பதம் பதினேழைத் தாண்டி
ஒரு புள்ளி என்று மூட்டையைத் தள்ளினார்கள்.
கொள்முதல் நிலைய வாசலில் நாலு நாள்
நெல்லைப் புரட்டிப் புரட்டிக் காயவைத்து
"மறுபடி அள, மறுபடி அள" என்று மல்லுக்கட்டியது யார்?
கேட்டேன்.
பேசாமல் சட்டைப்பையில் கைவிட்டார்.

இம்முறை 6.9.
ஆன்டிபாடி முந்நூற்றுச் சொச்சம்.
ஃபெரிட்டின், குளத்தடியில் மிச்சமிருக்கும் சேறு.
டாக்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
இரண்டாம் தரம் படித்தார்.
"எப்போலேருந்து இந்தக் களைப்பு?"
முதல் நாளே நான் சொல்லியிருந்தேன்.
மறுபடியும் சொன்னேன், முதலிலிருந்து.

விடிகாலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை.
ஆறு வாரம் கழித்து மீண்டும் ரத்தம்.
களைப்பு இன்னும் இறங்கவில்லை,
படியேறினால் கைப்பிடி வேண்டியிருக்கிறது.

காலையில் போன்.
"முந்நூத்தி அஞ்சு, எழுதிக்குங்க மேடம்."
பேனாவை மூடி வைத்தேன்.
"கீழ போய்ப் பார்த்தீங்களா?"

லைனில் கொஞ்ச நேரம்
தண்ணீர்ச் சத்தம் மட்டும்.